மேட்டில் ஏறிய கறுப்பு

அன்று மருத்துவரைப் பார்க்கப் போனது என் கைக்காக.

சேலத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்தத் தோல் மருத்துவமனை. காலணிகளை வெளியே விட்டுவிட்டு வரும்படி கதவருகில் எழுதியிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். வலது குதிகாலை முழுதாக ஊன்றாமல் நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நடை எனக்குப் பழகியது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் பெண்கள் பலருக்கும் அப்படி ஒரு நடை உண்டு. முள் குத்தியிருக்கும், குதிகால் வெடித்திருக்கும், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். அவற்றை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். காவிரி வாய்க்கால் பாய்ச்சலில் வெற்றிலையும் வாழையும் வைத்திருக்கிறோம். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. நிலத்துக்காரரோ, கூலிக்கு வருபவரோ, வெற்றிலை பார்க்க வரும் வியாபாரியோ, யாராக இருந்தாலும் வாசலை மறைக்கும் படலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். கொடி நிற்கும் இடத்தைக் கோயிலாகவே நினைப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா பகலில் பாதி நேரம் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றவள்.

என் வலது புறங்கையில் ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவு இருக்கும். கறுப்பு என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. பள்ளியில் பேனா மை என்று நினைத்துத் துடைக்கச் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. பெண் பார்க்க வந்த வீட்டார் காபித் தம்ளரை வாங்கும்போது அதைக் கவனித்திருக்கிறார்கள். அது என்ன, பரவுமா என்று பிறகு தரகரிடம் கேட்டனுப்பினார்கள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கருக்கி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றாள். நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். குமாரபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எது என்று தெரியாமல் ஒன்றை எரிக்க எனக்கு மனமில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுவோம் என்றேன்.

பட்டியல் போடாமல் எதையும் தொடங்கும் பழக்கம் எனக்கில்லை. கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எல்லாமே என் கையைப் பற்றியவை.

மருத்துவர் நடுவயதுப் பெண். அதிகம் பேசாதவர். முதலில் கையை ஒரு நீலத்துணிமேல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். "ஆடாம வை சாமி" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படத்தின் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. வெற்றிலை கிள்ளிக் கிள்ளி நகக்கண் கறுத்துப்போன விரல். இன்னொன்று எடுக்கட்டுமா என்று உதவியாளர் கேட்டார். மச்சம் தெளிவாக இருக்கிறது, இதுவே போதும் என்றார் மருத்துவர்.

பிறகு டெர்மோஸ்கோப்பை (தோலின் மேல்பளபளப்பை விலக்கி, அடியில் நிறம் எப்படிப் படிந்திருக்கிறது என்று பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கண்ணாடி) மச்சத்தின்மேல் வைத்தார். கணினித் திரையில் என் கை ஒரு நிலம் போல விரிந்தது. நடுவே ஒரே சீரான நீலம். கோடுகளோ புள்ளிகளோ வேறு நிறமோ இல்லை.

அவர் எங்கள் இருவருக்கும் புரியும்படி சொன்னார். பார்வைக்குப் பயமுறுத்தும் மச்சங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) என்றால் கண்ணாடியில் பெரும்பாலும் ஒழுங்கு குலைந்திருக்கும். பல நிறங்கள் கலந்திருக்கும், ஓரம் ஒருபுறம் ஒரு மாதிரியும் மறுபுறம் வேறு மாதிரியும் இருக்கும். என்னுடையது நீல மச்சம். நிறம் தரும் செல்கள் தோலின் ஆழத்தில் கூடியிருக்கின்றன. ஆழத்தில் இருக்கும் கறுப்பு மேலிருந்து பார்க்க நீலமாகத் தெரியும்.

எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னாள்: "ஒண்ணாங்கிளாசு போகையிலயே இருந்துச்சுங்க. அன்னைக்கு எந்த அளவோ இன்னைக்கும் அதே அளவுதானுங்க. நாந்தான் தலைக்கு ஊத்தியுடறப்பெல்லாம் பாப்பனே."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். எடுக்க வேண்டியதில்லை, வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார். பிறகு, நடைமுறையாக, உடம்பில் வேறு எங்காவது மச்சம் இருக்கிறதா, உள்ளங்கால் எப்படி என்று என்னிடம் கேட்டார்.

அம்மா சிரித்தாள். "இவ கால்ல என்னங்க இருக்கப்போவுது. என்ற காலப் பாத்தீங்கன்னா ஆசுபத்திரியவே மூடிட்டுப் போயிருவீங்க."

"அப்படியா? காட்டுங்கம்மா, பாத்துருவோம்."

"அட வேண்டாமுங்க. சேராங்கொட்டை சுட்டு உட்ட காலுங்க. கருகருன்னு கெடக்கும்."

மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சேராங்கொட்டை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கொட்டையைக் கம்பியில் குத்தி விளக்கில் காட்டினால் எண்ணெய் சொட்டும். குதிகால் வெடிப்பிலும் முள் குத்திய இடத்திலும் அதைச் சுடச்சுட விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோல் மரத்துப்போகும், வலி தெரியாது. பட்ட இடம் கறுத்துவிடும். துணியில் பட்டால் எத்தனை வெளுத்தாலும் போகாது. அம்மாவின் குதிகாலுக்கு அப்பாதான் விடுவார். ஒருவர் காலைப் பிடித்திருக்க இன்னொருவர் முனகுவது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் காட்சி. குதிகாலின் உள்பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாவதை அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் அது கறுப்பாக இருந்தது. வெடித்து லேசாக ரத்தம் கசிந்தால், மறுபடி கொட்டையைச் சுட்டார்கள்.

மருத்துவர் சேராங்கொட்டையைப் புறந்தள்ளவில்லை. சாயம் பட்ட தோலும் கண்ணாடியில் ஏமாற்றும் என்றார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு பிளேடால் மேல்தோலை, பென்சில் சீவுவதைவிட மெல்லியதாக, வலிக்காமல் சுரண்டினார். சாயம் என்றால் அந்தச் சீவலோடு வந்துவிட வேண்டும். கொஞ்சம் வந்தது. மீதி அப்படியே இருந்தது.

அதன்பிறகு கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். என் கைக்கு அத்தனை நேரம் ஆகவில்லை.

உள்ளங்காலின் தோலில், கைரேகை போலவே, மேடும் பள்ளமுமாக இணையாக ஓடும் கோடுகள் உண்டு. மேட்டில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக, மணி கோத்தது போலத் தெரியும். அதை வைத்து எது மேடு எது பள்ளம் என்று கண்டுபிடிக்கலாம். சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவில் நிறம் மேட்டில் படிந்து பட்டையாக இருக்கும். திரையில் அம்மாவின் குதிகாலைக் காட்டி, விரலால் கோடு இழுத்து, இதை எனக்குச் சொன்னார். வெள்ளை மணிகள் எல்லாம் கறுப்புப் பட்டையின் நடுவே இருந்தன.

அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொடிக்காலாட்டத்தான் இருக்குது. தண்ணி வாய்க்கால்ல நின்னா ஒண்ணுமில்ல. மேட்டுல ஏறிருச்சுன்னா கொடி அழுவிப்போயிரும். அப்படித்தானுங்களே?"

மருத்துவர் கண்ணாடியைக் காலிலிருந்து எடுத்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க" என்றார். பிறகு பயாப்சி (சிறு துண்டுத் தோலை எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது) செய்யவேண்டும் என்றார்.

கீழே இறங்கி பஸ் நிலையம் போகும் வழியில் அம்மா, என் கைக்கு ஒன்றுமில்லை என்று சின்னம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். அவள் காலைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். நாமக்கல் வரைக்கும் ஜன்னலோரம் தூங்கினாள். நான் என் காகிதத்தை எடுத்து, எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு, புதிதாக எழுத ஆரம்பித்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

பயாப்சி முடிவு மெலனோமா என்று வந்தபோது அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சின்னம்மா சொன்னாள். கெட்ட சதை, எடுத்துவிட்டால் சரியாகும் என்று மட்டும் சொல்வோம் என்றாள். நான் சொல்லிவிட்டேன். சமையலறையில், அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, பெயரையும் அது என்ன என்பதையும் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"உன்ற கை நல்லாருக்குதுல்ல?" என்று கேட்டாள்.

"நல்லாருக்குதும்மா."

"அப்பறம் என்ன. என்றத அறுத்து எடுத்துட்டாப் போச்சு."

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இதே இடத்தில் இருப்பீர்கள். நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்காலில், நகத்தடியில் மச்சம் இருப்பது நம்மவர்களிடையே சாதாரணம். அதற்காகப் பயந்து ஓட வேண்டாம். ஆனால் அது அகலமானால், நிறம் கலைந்தால், கசிந்தால், ஆறாமல் நின்றால் காட்டுங்கள். சாயம் என்று நினைப்பது தோல் உரிய உரியப் போகவேண்டும். சில வாரங்களில் போகவில்லை என்றால் அது சாயமில்லை. அழகு நிலையத்திலோ வேறு எங்குமோ மச்சத்தைக் கருக்காதீர்கள். கருக்கியதைப் பிறகு யாராலும் சோதிக்க முடியாது. கண்ணாடி சந்தேகத்தைத்தான் சொல்லும், பயாப்சிதான் உறுதிப்படுத்தும். இன்னொன்று. என் பரிசோதனைக் கூடத்தில், துணிமேல் வைத்து இழை எண்ணும் கண்ணாடி இருக்கிறது. அந்த நாட்களில் ஒருமுறை அதை வீட்டுக்கு எடுத்துப்போய் எங்கள் எல்லோர் காலையும் பார்த்தேன். மேல்தோலின் மினுக்கத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. பயம் மட்டும் கூடியது. அப்படிச் செய்யாதீர்கள்.

அறுவை சிகிச்சை கோவையில் நடந்தது. குதிகாலில் கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து அகலமாக எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். தொடை இடுக்கில் முதல் நிணநீர்க் கணுவையும் (திசுக்களிலிருந்து வடியும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சு, பரவும் செல்கள் முதலில் சேரும் இடம்) எடுத்துப் பார்த்தார்கள். அதில் சில செல்கள் இருந்தன.

அந்தச் செய்தியைக் கேட்கப் புற்றுநோய் மருத்துவரின் அறையில் நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் என் பட்டியலைப் பிரிப்பதற்குள் அப்பா பேசினார். அத்தனை மாதங்களில் மருத்துவர் ஒருவரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"நாந்தானுங்க சுட்டு உட்டது. அதுலதான் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. அதனால வரலை. உள்ள இருந்தத அது மறைச்சிருச்சு, அவ்வளவுதான்."

அப்பா தலையாட்டினார். முதல் பாதியை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து அது வீட்டில் இல்லை.

இம்யூனோதெரபி (உடலின் சொந்தக் காவல் செல்களைத் தூண்டிவிடும் மருந்து) மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியாக ஏறியது. முடி கொட்டவில்லை. அரிப்பும் அசதியும் இருந்தன. அம்மா தேறினாள். எடை கூடினாள். ஊன்றுகோலை விட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறாள் என்றார்கள். அந்த ஒரு வருடத்தை நாங்கள் முழுதாக நம்பினோம். நம்பியதில் தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. புண் வந்தால் ஆறாது, சிகிச்சையே தள்ளிப்போகும். அதனால் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் ஓரடிகூட வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அடுப்படியில் செருப்போடு நிற்க அம்மா கொஞ்ச நாளில் பழகிக்கொண்டாள். கொடிக்கால் மட்டும் நடக்கவில்லை. தினமும் காலையில் படல் வரைக்கும் போவாள். அங்கேயே நின்றுவிடுவாள். வேலைக்கு வந்த பெண்கள் உள்ளே இருந்து கூப்பிடுவார்கள். நோயாளிக்கு என்ன முறை, செருப்போடு வந்தால் கொடி ஒன்றும் சொல்லாது என்பார்கள். அப்பாவே சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்கென்ன, சொல்லிப்போடுவீங்க. நான் செருப்போட போயி நாளைக்கு ஒரு கொடி வாடுச்சுன்னா, ஊரே என்ற காலத்தானுங்க சொல்லும்" என்றாள் அம்மா.

படலுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொடுத்தோம். கிள்ளி வந்த வெற்றிலையை அங்கே உட்கார்ந்து அடுக்கிக் கவுளி (நூறு வெற்றிலைக் கட்டு) கட்டுவாள். அங்கிருந்தே உள்ளே இருப்பவர்களை அதட்டுவாள். வேலை கெடவில்லை. ஆனால் அடுக்கி முடித்த பிறகும் எழுந்து வரமாட்டாள். படலின் இடுக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்திருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கினாள். வலது கெண்டைக்காலில், குதிகால் தழும்புக்கு மேலே, மிளகு அளவில் ஒரு நீலப்புள்ளி.

"உன்ற மச்சம் எனக்கும் வந்துருச்சு பாரு" என்றாள். அவள் முகத்தில் பயமில்லை. என் கையை இழுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறம் அச்சாக ஒன்று போலவே இருந்தது. "உன்றது ஒண்ணுமில்லாத மச்சந்தானே? இதும் அதேதான்."

எனக்கும் அப்படியே தோன்றியது. தோன்றவேண்டும் என்று நினைத்ததால் தோன்றியிருக்கலாம்.

சேலத்துக்கே போனோம். மருத்துவர் கண்ணாடியை அம்மாவின் கெண்டைக்காலில் வைத்தார். திரையில் ஒரே சீரான நீலம். கோடில்லை, புள்ளியில்லை, வேறு நிறமில்லை. பிறகு என் கையின் பழைய படத்தைப் பக்கத்தில் திறந்தார். இரண்டும் ஒன்றுதான். எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒரே மாதிரிதானுங்களே இருக்குது?" என்றாள் அம்மா.

"கண்ணாடியில ஒரே மாதிரிதாம்மா தெரியும். இது எப்போ வந்துச்சு?"

அம்மா யோசித்தாள். பதில் சொல்ல அவளுக்கு மனமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "ஆடி நோம்பிக்கு இல்லீங்க" என்றாள். ஆடிப் பண்டிகை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மருத்துவர் திரையை அணைத்தார். ஆழத்தில் இருக்கும் கறுப்பு எதுவானாலும் நீலமாகத்தான் தெரியும் என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். பிறவியிலோ சிறு வயதிலோ வந்து அப்படியே உறைந்துபோன செல்களும் அப்படித்தான் தெரியும். குதிகாலிலிருந்து நிணநீர் வழியாக நகர்ந்து புதிதாக வந்து தங்கிய செல்களும் அப்படித்தான் தெரியும். கண்ணாடி உருவத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது. எப்போதிருந்து இருக்கிறது என்று கூட இருந்தவர்கள்தான் சொல்லவேண்டும். என் கைக்கு அம்மா சொன்னாள். தன் காலுக்கும் அவளே சொன்னாள்.

அந்தப் புள்ளியை எடுத்துச் சோதித்தார்கள். அதற்குள் இன்னும் சில வந்தன. ஸ்கேனில் நுரையீரலிலும் கல்லீரலிலும் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். மாற்றிய மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார், குடும்பத்திலேயே இருக்கும் வியாதி போல என்று சொல்லி வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு வருத்தப்பட எனக்கு அப்போது இடமில்லை.

கோவை மருத்துவர் கடைசியாக எங்களை உட்காரவைத்துப் பேசியபோது அம்மாவும் இருந்தாள். இனி ஊசி வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள மாத்திரை தருகிறேன், பிடித்ததைச் சாப்பிடுங்கள், வீட்டில் இருங்கள் என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"ஏனுங்க டாக்டர், இனி செருப்புப் போடாம போலாமுங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போங்கம்மா" என்றார்.

அம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் புரிந்தது. அந்தக் கட்டுப்பாடு இருந்தவரை நாங்கள் எதையோ காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையிலேயே போகவேண்டும் என்றாள். அப்பா படலைத் திறந்து பிடித்துக்கொண்டார். அம்மா செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இறங்கினாள். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கொடி படரும் அகத்தி மரங்களின் நிழலில் மண் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது.

ஈரம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"எடது காலு சில்லுங்குது. வலது காலு எனக்கென்னன்னு வருது."

கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். ஒரு கொடி கட்டவிழ்ந்து அகத்தியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இதென்னங்க, இப்படித் தொங்கவுட்டு வெச்சிருக்கறீங்க? ஒருத்தி கண்ணுலயும் படலையா?"

"நாளைக்குக் கட்டச் சொல்றேன்" என்றார் அப்பா.

"நாளைக்கென்ன நாளைக்கு. நாரக் குடுங்க."

அப்பா இடுப்பிலிருந்து வாழைநாரை உருவிக் கொடுத்தார். அம்மா கொடியை மரத்தோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவ்வளவில் மூச்சு வாங்கியது. அப்பா அவளைத் தாங்கிக்கொண்டார். அவர் அழுதார். அவள் அவரைப் பார்க்காமல் அடுத்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகும் சில முறை போனாள். பிறகு நாற்காலி வரை மட்டும். பிறகு கட்டிலிலிருந்தே, தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்பதோடு நின்றது. தை பிறப்பதற்கு முன் போய்விட்டாள். வலி பெரிதாக இல்லை. இதை எழுதக் காரணம், என்னைப் போல நீங்களும் கடைசி நாட்களின் வலியை நினைத்துப் பயந்துகொண்டிருப்பீர்கள் என்பதுதான். மருந்தைச் சரியாகக் கொடுத்ததால் தூக்கம் போலத்தான் இருந்தது.

ஈமச்சடங்கில் அம்மாவின் காலைக் கழுவச் சொன்னார்கள். குதிகாலில் ஒட்டிய தோல் தொடையின் நிறத்தில், வெயில் படாத நிறத்தில் இருந்தது. அந்த ஓரிடம் மட்டும் அவளுடைய கால் போல இல்லை.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா, நான் கேட்காமலே, கால் கழுவித் துடைத்துவிட்டு வந்து வெளிச்சத்தில் உள்ளங்காலைக் காட்டுகிறார். எனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்னாலும் விடுவதில்லை. கொடிக்காலில் வேலை செய்யும் சரசக்காவின் பாதத்தில் ஒரு கருமச்சம் இருந்தது. அவரைச் சேலத்துக்கு அழைத்துப்போனேன். திரையில் நிறம் பள்ளத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாக ஓடியது. வெள்ளை மணிகள் மேட்டில் சுத்தமாக இருந்தன. ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. "அட, தண்ணி வாய்க்கால்லதான் நிக்குது" என்றேன். சரசக்காவுக்குப் புரியவில்லை. மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அம்மாவுக்கு வந்ததால் வருடத்துக்கு ஒருமுறை போதாது என்றார்கள். உடம்பை நான் முன்பு போல நினைப்பதில்லை. வளர்வதும் மாறுவதும் உயிரோடிருப்பதன் அடையாளம் என்று படித்தவள் நான். இன்று என் புறங்கையில் ஒரு மிளகளவு இடம் மாறாமல் இருக்கவேண்டும் என்று காத்திருக்கிறேன். குளிக்கும்போது அதைப் பார்க்கிறேன். அன்றைய அளவு என்ன என்று எனக்கு நினைவில்லை. அதை நினைவில் வைத்திருந்தவள் இல்லை.

போன முறை ஒரு புதிய உதவியாளர் இருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் முதல் படத்தைத் திறந்தார். நீலத்துணி, என் கை, மச்சம், ஓரத்தில் அந்தக் கட்டைவிரல். வேறு யார் விரலோ விழுந்திருக்கிறது, இதை வெட்டிவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டார்.

வேண்டாம் என்று நான் சொன்னேன்.

மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மாற்றம் ஒன்றும் இல்லை என்றார். புதிய படத்துக்காகக் கையை மறுபடி துணிமேல் வைக்கச் சொன்னார். இந்த முறை என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் ஆடியது.